கலைச்சொல் வேண்டும்: தானே கூடி, தூண்டினால் மாறும் நானோபொருள்

கோவையிலிருந்து:
வணக்கம். பாலிடெக்னிக் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு தலைப்பு மட்டும் நிற்கிறது. சோதனை இது: 80 கிராம் நீரை 5 டிகிரிக்குக் குளிர்வித்து, போலாக்சமர் 407 என்ற, நீரில் கரையும் பாலிமர்த் தூள் 20 கிராமைச் சிறிது சிறிதாகத் தூவி மெதுவாகக் கலக்க வேண்டும். இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தால் நுரை அடங்கித் தெளியும். அறை வெப்பத்துக்கு வந்ததும் குடுவையைக் கவிழ்த்தாலும் ஒழுகாது; குளிர்வித்தால் மறுபடி இளகும். இவ்வகைப் பொருள்களுக்குப் பொதுப்பெயர் வேண்டும். என் வரைவு: 'புறத்தூண்டலுக்குத் துலங்கும் தற்கூடல் நானோபொருள்'.

பெருந்துறையிலிருந்து:
தற்கூடல் சரிதானுங்க. வேற்றுமையில் வல்லினம் வந்தால் னகரம் றகரமாகும், தற்காப்பு போல. நன்னூல் செய்த பவணந்தியாரைச் சீனாபுரத்தவர் என்று கொங்கில் கொண்டாடுகிறோம். அவர் விதியையாவது காப்போம். ஆனால் துலங்குதல் என்றால் ஒளிர்தல், விளங்குதல். அசைதலுக்குச் சங்கப் பாட்டில் துளங்குதல்தான். தூண்டியதும் நிலை பெயர்கிற பொருளுக்குத் துளங்கலே பொருந்தும். 'நானோ'வும் வேண்டாம், 'மீநுண்' இருக்கிறது.

கோபியிலிருந்து:
> துளங்கலே பொருந்தும்
ஐயா, தூண்டலும் அதற்கு எதிர்வினையான துலங்கலும் பாடநூலில் இணையாகவே வருகின்றன. ளகரம் போட்டால் அச்சுப்பிழை என்று ஆசிரியரே திருத்திவிடுவார். நானோ என்பது நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவு. மீநுண் எந்த அளவையும் சொல்வதில்லை.

திருப்பூரிலிருந்து:
எனக்குக் 'கூடல்' போதவில்லை. எண்ணெய்த் துளிகளும் கூடும், அது வெறும் திரளல். இங்கே சூடேறும்போது போலாக்சமர்ச் சங்கிலியின் நடுத்துண்டான பாலிபுரொப்பிலீன் ஆக்சைடு நீரை உதறி உள்ளே ஒதுங்குகிறது, இரு முனைகளும் வெளியே நீரோடு நிற்கின்றன. அப்படிப் பல சங்கிலிகள் சேர்ந்த நுண்திரள்தான் மிசெல். மிசெல்கள் நெருங்கி ஒழுங்காக அடுக்கி அமைந்தால்தான் கரைசல் இறுகும். 10 விழுக்காட்டுக் கரைசலில் மிசெல் உண்டு, இறுக்கம் இல்லை. ஆகவே 'தன்னொழுங்கமைவு'.

கையேட்டில் இவற்றையும் சேருங்க: வெந்நீரில் தூளைப் போட்டால் கட்டியின் மேற்புறம் இறுகி உள்ளே நீர் போகாது. உப்பு கலந்தால் இறுகும் வெப்பநிலை இறங்கும். கோடையில் மேசைமேல் வைத்துக் கலக்கினால் பாதியிலேயே இறுகும், பனிக்கட்டித் தொட்டி கட்டாயம். இறுகிய ஜெல்லைக் 'களி' என்று எழுதுமிடத்தில் ஒரு குறிப்பும் வேண்டும்: ராகிக்களி ஆறினால் இறுகும், இது சூட்டில் இறுகும்.

பொள்ளாச்சியிலிருந்து:
தன்னொழுங்கமைவை இதற்குச் செலவழிக்காதீங்க. சமநிலையை நோக்கித் தானே சேர்வது ஒன்று. ஆற்றலை ஊட்டிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும் ஒழுங்கு வேறொன்று. அந்தச் சொல் பின்னதற்கு வேண்டும். துலங்கலையும் தற்கூடலையும் ஒன்றாக்கவும் முடியாது. பாலி-என்-ஐசோபுரொப்பைல் அக்ரைலமைடு என்ற பாலிமரின் சங்கிலி நீரில் 32 டிகிரியளவில் சுருண்டுவிடும். அது துலங்கல், அந்தச் சுருளல் மட்டுமே தற்கூடல் ஆகாது. வெட்டுவதானால் 'புற'வை வெட்டலாம்.

கோவையிலிருந்து:
நாளாகிவிட்டது. பெரும்பான்மைப்படி 'துலங்கு தற்கூடல் நானோபொருள்' என்று அனுப்புகிறேன். திருப்பூர் சொன்ன எச்சரிக்கைகள் அப்படியே சேர்ந்துவிட்டன.

பெருந்துறையிலிருந்து:
வினைத்தொகை ஆக்கியதும் துலங்குவது கூடலா பொருளா என்ற ஐயம் வந்துவிட்டது. எனக்கு உடன்பாடில்லை. சொல்லடைவில் 'துளங்கல்' என்றும் ஒரு வரி சேருங்க.