ஏணியிலிருந்து இறங்கலாமா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். கோவையில் ஓர் ஆடியோ விஷுவல் நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். சேர்ந்தபோது ஆறு பேர். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் மாட்டுவதும் பள்ளிகளில் புரொஜெக்டர் தொங்கவிடுவதும்தான் வேலை. இன்று எழுபது பேர், பெங்களூரில் கிளை. வேலையும் மாறிவிட்டது. தனித்தனி ஆடியோ கேபிள் இழுத்த இடத்தில் இப்போது நெட்வொர்க் சுவிட்ச். ஒலி, நெட்வொர்க் கேபிளிலேயே அதை அனுப்பும் டான்டே என்ற தொழில்நுட்பம் வழியாகப் போகிறது. ஐபி முகவரி புரியாதவனுக்கு ஸ்பீக்கர்கூட வாய் திறக்காது.

முதலாளி இரண்டு வழி காட்டுகிறார்: தளப் பணிகளுக்கு மேலாளர் அல்லது வடிவமைப்புப் பிரிவு. எனக்கு இரண்டாவதில்தான் ஆசை. அதற்கு, ஆடியோ விஷுவல் துறையின் சர்வதேச சங்கமான அவிக்ஸா தேர்வு வைத்துத் தரும் சிடிஎஸ் சான்றிதழ் வேண்டுமாம். வடிவமைப்புக்கான சிடிஎஸ்-டி அதற்கும் மேல்படி. நான் டிப்ளமோ, ஆங்கிலம் சுமார். டான்டே பயிற்சியின் முதல் நிலையை மட்டும் இணையத்தில் இலவசமாக முடித்திருக்கிறேன்.

வேலை பார்த்துக்கொண்டே சிடிஎஸ் எழுதியவர்கள் எத்தனை மாதம் படித்தீர்கள்? ஒரே நிறுவனத்தில் நீடித்தவர்கள், புதிதாக வருபவர்களைவிடச் சம்பளத்தில் பின்தங்காமல் எப்படிப் பேசினீர்கள்? எங்கள் முதலாளி நல்லவர்தான். ஒலித்துறையில் இருந்தும், சம்பளம் என்றால் மட்டும் அவருக்குக் காது கேட்பதில்லை. இந்த மாத இறுதிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.