மைனிங்: அகழ்வா, முத்திரையிடலா?

அனைவருக்கும் வணக்கம்.

பிட்காயின் போன்ற மின்காசுகள் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில், செலவுக் கணக்குகளைத் தொடராகக் கோத்து வைக்கும் பதிவேடான பிளாக்செயினுக்குத் ‘தொடரேடு’ என்றும் அதன் ஒவ்வொரு பகுதியான பிளாக்குக்கு ‘ஏடு’ என்றும் ஏறக்குறைய ஒத்துக்கொண்டுவிட்டோம். மைனிங்கில்தான் இழுபறி. ‘அகழ்வு’ என்பதற்கே இங்கே ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிட்காயினில் நடக்கும் வேலையைப் பார்த்தால் ‘முத்திரையிடல்’தான் பொருந்துகிறது.

நான் உங்களுக்குக் காசு அனுப்பினால் அந்தச் செய்தி வலையிலுள்ள கணினிகளுக்கெல்லாம் பரவுகிறது. கையொப்பம் செல்லுமா, இந்தக் காசு ஏற்கெனவே செலவானதா என்று ஒவ்வொரு கணினியும் தன்னிடமுள்ள தொடரேட்டைப் பார்த்துத் தானே சோதிக்கிறது. நடுவில் வங்கி கிடையாது. சரி, ஒரே காசை ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு அனுப்பினால்? எது முந்தியது என்பதில் கணினிக்குக் கணினி பதில் மாறும். மைனிங் வந்ததே இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். வந்த செய்திகளை ஓர் ஏட்டில் திரட்டி, முந்தைய ஏட்டின் ஹாஷையும் (ஏட்டிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாள எண்) அதில் பதிந்து, பிறகு யாரும் கைவைக்க முடியாதபடி மூடிவிடுவது. அதில் ஏறிய செலவுதான் செல்லும்.

எப்படி மூடுகிறார்கள்? ஏட்டின் தலைப்புப் பகுதி (ஹெடர்) மொத்தம் 80 பைட். அதில் 4 பைட் ஓர் எண்ணுக்கு. அந்த எண்ணை மாற்றி மாற்றி, ஹாஷ் குறித்த அளவுக்குக் கீழே வரும்வரை கணக்குப் போட வேண்டும். 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் ஏட்டில் அந்த எண் 2083236893. பதினறும (ஹெக்ஸாடெசிமல்) எண்முறையில் எழுதினால் அதன் ஹாஷ் பத்துச் சுழிகளோடு தொடங்குகிறது. எண்ணில் ஒன்றைக் கூட்டினால் முற்றிலும் வேறு ஹாஷ் வரும். சரியான எண்ணைப் பிடிக்கக் குறுக்குவழி இல்லை. ஆனால் பிடித்தது சரிதானா என்று பார்க்க யாருக்கும் ஒரு கணக்கு போதும். இடுவது கடினம், சோதிப்பது எளிது, உடைத்தால் தெரிந்துவிடும்: முத்திரையின் இலக்கணம் இதுதானே?

பழைய ஏட்டில் ஒரு தொகையைத் திருத்துகிறார்கள் என்று வையுங்கள். அதன் ஹாஷ் மாறும். அடுத்த ஏட்டில் பதிந்திருப்பதோடு பொருந்தாது. அங்கிருந்து கடைசி வரை எல்லா ஏட்டுக்கும் மறுபடி முத்திரையிட வேண்டும். அதற்குள் மற்றவர்கள் சராசரி பத்து நிமிடத்துக்கு ஒன்றாகப் புது ஏடுகளைச் சேர்த்துக்கொண்டே போவார்கள்.

2008-இல் வெளிவந்த, பிட்காயினை உருவாக்கிய சாட்டோஷி நகமோட்டோவின் கட்டுரையிலேயே தங்கச் சுரங்க உவமை இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இருக்கிறது. ஆனால் புதுக் காசு புழக்கத்துக்கு வரும் விதத்துக்குத்தான் அந்த உவமை. புதுக் காசு இந்த வேலைக்கான கூலி. தொடக்கத்தில் ஏட்டுக்கு 50 பிட்காயின். 2,10,000 ஏடுகளுக்கு ஒருமுறை பாதியாகும். 2024 ஏப்ரலில் 3.125-க்கு இறங்கிவிட்டது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது. 2140 வாக்கில் புதுக் காசு நின்றுவிடும், வேலை நிற்காது. அனுப்புபவர்கள் தரும் கட்டணத்துக்காக ஏடுகளை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள். அப்போது அகழ்வதற்கு என்ன இருக்கும்? கூலியை வைத்து வேலைக்குப் பெயரிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்போது கற்கத் தொடங்கும் மாணவர் ‘அகழ்வு’ என்று படித்தால், காசு எங்கோ புதைந்து கிடக்கிறது என்றுதான் நினைப்பார்.

எதீரியம் என்ற இன்னொரு தொடரேடு 2022 செப்டம்பரில் இந்தக் கணக்குப் போட்டியையே கைவிட்டது. அங்கே அதன் காசான ஈதரில் குறைந்தது 32-ஐப் பிணையாக வைத்தவர்கள் ஏடுகளை உறுதிசெய்கிறார்கள். அகழ்வு அங்கே ஒட்டாது, முத்திரை ஒட்டும்.

மைனருக்கு முத்திரையாளர், பிளாக் ரிவார்டுக்கு முத்திரைக்கூலி என்று கிளைச்சொற்களும் தடங்கலின்றி வருகின்றன. கையொப்பத்தோடு குழம்புமோ என்ற கவலை நியாயமானது. ஆனால் கையொப்பம் காசு அனுப்புபவருடையது, முத்திரை ஏட்டின் மேல் விழுவது. பாடத்தில் ஒருமுறை விளக்கிவிட்டால் போதும்.

அப்புறம், தலைப்பில் மாற்றி மாற்றிப் பார்க்கும் அந்த 4 பைட் எண்ணின் ஆங்கிலப் பெயரான நான்ஸ் என்பது மறையீட்டியலில் (கிரிப்டோகிராஃபி) வேறு இடங்களிலும் வருகிறது. அதனால் அதற்கு ‘முத்திரை எண்’ வேண்டாம், ‘ஒருமுறை எண்’ இருக்கட்டும். ஹாஷுக்குத்தான் இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. ‘சுருக்கம்’ என்றால் கட்டுரைச் சுருக்கம்போல ஒலிக்கிறது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.