உரம் இழுக்கும் ஆட்டோ கியர் வண்டி: கொதிப்பும் ஒழுகலும்

செம்பனை, தாப்பா:
ஹைலக்ஸ், டிரைட்டன், டிமேக்ஸ் போன்ற பிக்கப் வண்டிகளின் ஆட்டோ கியரில் டிரெய்லர் இழுப்பவர்கள் கவனித்ததை எழுதுங்கள். 50 கிலோ உரமூட்டை 20 ஏற்றினாலே ஒரு டன், டிரெய்லரின் எடை தனி. மழை நனைத்த செம்மண் மேட்டில் கியர் எண்ணெய் விளக்கு எரிகிறது. மறுநாள் காலையில் வண்டிக்கடியில் சிவப்புச் சொட்டு. எது காரணம், எது விளைவு?

கியர்பாக்ஸ் ஃபோர்மேன்:
பெரும்பாலும் சூடுதான் முதலில். எஞ்சின் வேகமாகச் சுற்ற, சக்கரம் ஊர்ந்தால், எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் கடைபட்டே சூடேறும். உள்ளேயிருக்கும் லாக்கப் கிளட்ச் இரு பக்கத்தையும் நேராகப் பிணைத்துப் பிடித்தால் அந்தச் சூடு அடங்கும். ஊர்ந்து போகும் வேகத்தில் அந்தக் கிளட்ச் பிடிப்பதில்லை. எண்ணெய்க்கு 80 முதல் 95 டிகிரி வரை நல்லது. 120-ஐத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தால் எண்ணெய் பழுப்பாகிக் கருகல் வாடை வரும், சீல் ரப்பர் விறைக்கும். விறைத்த சீல் தண்டைக் கவ்வாது, அங்கே ஒழுகும். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், கிளட்ச் தட்டு வழுக்கும், சூடு இன்னும் ஏறும். சீலை மட்டும் மாற்றிவிட்டு அதே பாரத்தை இழுத்தால் புதுச் சீலுக்கும் அதே கதிதான்.

லோரி மாமா, பீடோர்:
சீலைக் குறை சொல்லுமுன் கியர்பாக்ஸின் காற்றுப் போக்கியான பிரீதர் குழாயைப் பாருங்கள், தம்பி. எண்ணெய் கூடுதலாக ஊற்றியிருந்தாலும், கொதித்து நுரைத்தாலும் அந்த வழியாகத்தான் கக்கும். கியர்பாக்ஸ் மேல்பக்கம் நனைந்திருந்தால் சந்தேகம் அங்கே. புகைக்குழாயில் சொட்டினால் புகை வரும், தீப்பிடிக்கவும் கூடும், உடனே நிறுத்துங்கள். இரவில் அட்டைப் பெட்டியை விரித்து அடியில் போட்டு வையுங்கள். ரேடியேட்டருக்குக் கீழே சொட்டினால், கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரின் ஹோஸ். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சிவப்பென்றால் கன்வெர்ட்டர் சீல், கறுப்பென்றால் எஞ்சினின் பின் சீல். பின்னால் சொட்டினால் புரொப்பெல்லர் தண்டு நுழையும் சீல்.

கியர்பாக்ஸ் ஃபோர்மேன்:
ஹோஸ் விஷயத்தில்தான் சிக்கனம் பிடித்துக் கெடுக்கிறார்கள். பெட்ரோல் ஹோஸ் போடாதீர்கள். ஆட்டோ கியர் எண்ணெய்க்கென்று விற்கும் ஹோஸ் கேளுங்கள். இரும்புக் குழாயை வெட்டினால் நுனியில் வளையம்போல் ஒரு புடைப்பு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தத்தில் ஹோஸ் கழன்று, சில நிமிடத்தில் எண்ணெய் முழுக்க ரோட்டில். தனிக் கூலர் போடுவதென்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரிலிருந்து வெளியேறும் குழாயில் சேர்த்து, அங்கிருந்து கியர்பாக்ஸுக்குத் திருப்புங்கள். ஏர்கான் கண்டென்சருக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தாங்கி வைத்துப் பூட்டுங்கள். தகடுகளைத் துளைத்துப் பிளாஸ்டிக் நாடாவால் கட்டுவது வேலையே அல்ல. அதிர்வில் தேய்ந்து கூலரே ஓட்டையாகும்.

செம்பனை, தாப்பா:
ஓட்டும் முறை?

லோரி மாமா, பீடோர்:
மண் மேட்டில் எல்4, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுகியர். தார் ரோட்டில் அது கூடாது. தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏற்றம், வளைவுக்கு மேல் வளைவு. டி-யில் விட்டால் கியர் மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்கும். கையால் ஒரு கியர் இறக்கிப் பிடித்து வைத்தால் தாவல் நிற்கும், சூடும் குறையும். விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைக்காதீர்கள், எண்ணெய் சொட்டாத வரையில். ஓரங்கட்டி, பி-யில் போட்டு ஓடவிட்டால் பம்ப் எண்ணெயைக் கூலருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். விளக்கு அணைந்த பிறகு கிளம்பலாம்.

கியர்பாக்ஸ் ஃபோர்மேன்:
எண்ணெய் மாற்றும்போது ஒன்று. அடித்தட்டுத் திருகைத் திறந்து வடித்தால் முழு எண்ணெயும் வராது, கன்வெர்ட்டருக்குள் நிறைய தங்கும். வடித்து, ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, இப்படி மூன்று முறை செய்தால்தான் பெரும்பகுதி மாறும். ஆறு கியர் ஹைலக்ஸில் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பி கிடையாது. வண்டி சமதளத்தில், எஞ்சின் ஓட, எண்ணெய் கையேட்டில் சொன்ன சூட்டில் இருக்க, அளவுத் திருகைத் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு டொயோட்டாவின் டபிள்யூஎஸ் வகை கியர் எண்ணெய்தான். பழைய டெக்ஸ்ரான் வகை எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று கலக்காதீர்கள். தட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம். விரலில் உறுத்தும் இரும்புத் துணுக்கு வந்தால் கியர்பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும்.

லோரி மாமா, பீடோர்:
எண்ணெய் ஸ்ட்ராபெரி பால்போல் வந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டை, கூலண்ட் கலந்துவிட்டது. அந்த வண்டியைப் பட்டறைக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள், தூக்கு லோரியைக் கூப்பிடுங்கள். கிளட்ச் தட்டின் பசை அதில் ஊறிக் கழன்றுவிடும்.