யானைக்கு விழுந்த வாக்கெல்லாம் எங்க போச்சு?

கேள்வி: மேல்கொத்மலை
இலங்கையில 2015 ஆகஸ்ட் பாராளுமன்றத் தேர்தல்ல, யானைச் சின்னக் கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) தலைமையிலான முன்னணிக்கு 106 ஆசனம். 2020ல அந்தக் கட்சிக்கு நாடு முழுக்க 2.15 வீதம். ஒரு மாவட்டத்திலயும் ஆசனம் இல்ல, தேசியப் பட்டியல்ல ஒண்ணு மட்டும். இடதும் இல்லாம கடும் இனவாதமும் இல்லாம நடுவில நிக்கிற கட்சின்னுதானே சிங்களக் கிராமம், கொழும்புத் தமிழர், முஸ்லிம்கள், தோட்டத்து சனம் எல்லாரும் போட்டாங்க? பிரதித் தலைவரா இருந்த சஜித் பிரேமதாச பிரிஞ்சு தனிக் கட்சியா போனதுதான் ஒரே காரணமா? எங்க தாத்தா சாகிற வரைக்கும் யானைதான்.

பதில்: கண்டி வீதி
ஐ.தே.க. ஆட்சியில நடந்த மத்திய வங்கிப் பிணைமுறி மோசடி விவகாரம், பிறகு 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. சிங்கள வாக்கு அப்பவே கழண்டுட்டுது. மிச்சம் இருந்ததை சஜித் கொண்டு போயிட்டார்.

பதில்: கொழுந்துமலை
தம்பி, நான் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில தொழிற்சங்கத் தலைவரா இருந்தவன். உங்க தாத்தா போட்டது கட்சிக்கில்ல, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) தலைவர் தொண்டமான் ஐயாவுக்கு. 1948ல தோட்டத் தமிழரான நம்ம குடியுரிமையைப் பறிச்சது இதே கட்சியோட ஆட்சி. ஐயா 1978ல ஜே.ஆர். ஜெயவர்தனவோட ஐ.தே.க. அரசாங்கத்தில அமைச்சரானார். நாடற்றவங்களா மிஞ்சியிருந்தவங்களுக்கு குடியுரிமை குடுக்க 1988ல சட்டம் வந்திச்சு. அதனால ஐயா காட்டின சின்னத்துக்குப் புள்ளடி போட்டோம்.

லயம் லயமா, அதாவது தொழிலாளர் வரிசை வீடு வீடா, ஏறி வாக்குக் கேட்டது சங்கத்துக்காரங்க. எங்க தோட்டத்தில ஐ.தே.க.வுக்குன்னு ஒரு கிளை இருந்ததை நான் கண்டதில்ல. 2015ல நுவரெலியாவில யானையில வென்ற 5 பேர்ல 3 பேர் மனோ கணேசன் தலைமையிலான தமிழ் முற்போக்குக் கூட்டணி. அந்தக் கூட்டணி 2020ல சஜித் பக்கம் நின்னதும் வாக்கும் கூடவே போச்சு. முஸ்லிம் காங்கிரஸ், ரிசாத் பதியுதீன் கட்சி வழியா வந்த வாக்கும் அப்படித்தான்.

சம்பளத்தையும் சொல்லணும். நாள் சம்பளம் 1000 கேட்டுப் போராடினோம், 2019 ஜனவரியில அடிப்படை 700 ஆச்சு. அதுக்கு மேல அரசாங்கம் 50 ரூபா தர்றதாச் சொன்னாங்க, கைக்கு வரவே இல்ல. கொழுந்து நிறை குறைஞ்சா அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுற தோட்டத்தில 50 ரூபா பெரிய காசு தம்பி. அந்த மாசங்கள்ல ஒவ்வொரு காம்பராவிலயும் என்னைத்தான் கேட்டாங்க. அப்படியிருந்தும் அந்த வருஷ ஜனாதிபதித் தேர்தல்ல நுவரெலியா மாவட்டம் சஜித்துக்குத்தான் போட்டிச்சு, அன்னச் சின்னத்தில. யானை இல்லாமலே போடலாம்னு சனம் அதிலயே பழகிட்டாங்க.

கேள்வி: மேல்கொத்மலை
அப்போ 2024 பாராளுமன்றத் தேர்தல்ல யானை நுவரெலியாவில ஒரு ஆசனம் எடுத்திச்சே ஐயா?

பதில்: கொழுந்துமலை
அது ஜீவன் தொண்டமான். இ.தொ.கா. வாக்கு. அவங்க வேற சின்னத்தில கேட்டிருந்தா அந்த ஒண்ணும் யானைக்கு இல்ல.

பதில்: ஹட்டன் மகள்
அதே தேர்தல்ல நம்ம மாவட்டத்தில திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) 5 எடுத்திச்சு. அதையும் சேர்த்துப் பாருங்க ஐயா. எங்க வீட்டில சங்கம் சொல்லி யாரும் போடல்ல. கொழும்பில கடையில நிக்கிற தம்பி போன்ல பேசினான். அம்மா முதல் தடவையா தலைவர்கிட்ட கேட்காம வாக்குச் சாவடிக்குப் போனாங்க. இனி எந்தக் கட்சி வந்தாலும் அம்மாகிட்டயே நேரா வந்து, வீட்டுக் காணிக்கு உறுதிப் பத்திரம் எப்போன்னு பதில் சொல்லணும்.