சோத்துக்குப் பதிலா காலிபிளவர்: எங்க வீட்டுக் கதை

அப்பாவுக்கு மூணு மாச சர்க்கரை சராசரி (HbA1c) 8.4 சதவீதம். அன்னைக்கே ரெண்டு காலிபிளவர் வாங்கிட்டு வந்தேன். முதல் நாள் வந்தது சாதம் இல்ல, கூழ்! தப்பு என்மேலதான். புழுவுக்குப் பயந்து மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீர்ல முக்குவோம்ல, அந்த ஈரத்தோடயே மிக்ஸில அடிச்சுட்டேன். ஏற்கெனவே அதுல பத்துல ஒம்பது பங்கு தண்ணி. இப்பல்லாம் வெந்நீர்ல முக்கி எடுத்து, துணியில பரப்பி நல்லா உலர்த்திட்டு, தேங்காய்த் துருவியில சீவுறேன். வாணலிக்கு மூடி கிடையாது, அஞ்சே நிமிஷம், உப்பு கடைசியில.

சாம்பார் மட்டும் ஊத்திடாதீங்க, தனியா ஓடிடும். எலுமிச்சை, புளிக்காய்ச்சல் ரெண்டுக்கும் அருமை. அப்பாதான், "பொரியலுக்குத் தொட்டுக்கப் பொரியலா?"னு தட்டைத் தள்ளிட்டார். இப்ப பாதி சோறு, பாதி பூ. 100 கிராம் சோத்துல 28 கிராம் மாவுச்சத்து, பூவுல அஞ்சுதான். சோறு பாதி குறைஞ்சாலும் லாபம்தானே?

—

அக்கா, எங்க வீட்டுல சிக்கல் உருளைக்கிழங்கு. குருமாவுல நூக்கல் போட்டேன், யாரும் கண்டுபிடிக்கல. 100 கிராம் உருளையில மாவுச்சத்து 17 கிராம்னா இதுல ஆறு. தோலை மட்டும் தடிமனா சீவணும், இல்லன்னா நார் பல்லுல மாட்டும். பூரி மசாலாவுக்குச் சௌ சௌ போட்டுப் பார்த்தேன். தண்ணி விட்டுச்சு, ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவுதான் காப்பாத்துச்சு. பூரியை எப்படி விடுறதுன்னு கேக்காதீங்க.

—

ஏம்மா, அப்பா என்ன மாத்திரை போடுறார்? நானும் போன வருஷம் சோத்தை அறவே நிறுத்தி முட்டைக்கோஸும் சுரைக்காயுமா சாப்பிட்டேன். மாத்திரை பழைய அளவுதான். நாலாம் நாள் சாயங்காலம் கை நடுங்கி, சட்டை முழுக்க வேர்த்துடுச்சு. விரல்ல குத்திச் சர்க்கரை பார்த்தா 58, ரொம்பக் கம்மி. சர்க்கரைத் தண்ணி குடிச்சப்புறம்தான் நிதானம் வந்துச்சு. நான் போட்ட கிளிமிபிரைடு மாத்திரை, நாம சாப்பிட்டோமா இல்லையான்னு பார்க்காது, அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்க வைக்கும். டாக்டர் அளவைக் குறைச்சார்.

—

அண்ணா, இப்பதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதே மாத்திரை. மத்தியானம் தூக்கமா வருதுன்னு ரெண்டு நாளா சொல்லிட்டிருக்கார், வயசுன்னு நினைச்சேன். இப்பவே குத்திப் பார்க்குறேன். காலையில டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.