உயரமான பிக்கப்பில் குதிரை டிரெய்லர் மூக்கைத் தூக்கி நிற்கிறது, ஏர்பேக் போடலாமா?

கேட்டவர்:
பழைய வண்டிக்குப் பதிலா ஃபோர் வீல் பிக்கப் எடுத்திருக்கேன். டிரெய்லர் பழசுதான்: ரெண்டு குதிரை ஏத்தறது, வண்டிக்குப் பின்னால பால் ஹிட்ச்ல, அதாவது இரும்பு உருண்டையில, மாட்டறது, இரட்டை ஆக்சில். இப்போ முன்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. வேகம் எடுத்தா பின்னால ஆட்டம். நிறுத்தித் தொட்டுப் பார்த்தா டிரெய்லரோட பின் ஆக்சில் டயர் ரெண்டும் நல்ல சூடு, முன்னது அவ்வளவு இல்லை. பிக்கப்போட பின் ஸ்பிரிங்குக்குத் துணையா ஏர்பேக் (காத்து அடைச்ச பை) போட்டா சரியாகும்னு ஒருத்தர் சொல்றார்.

பதில் 1:
ஏர்பேக் பிக்கப்போட பின்பக்கத்தைத் தூக்கும். உங்களுக்கு வேண்டியது அது இறங்கறது! பணத்தை அதுல போடாதீங்க.

டயர் சூட்டைப் பார்த்தா டார்ஷன் ஆக்சில் (பட்டை ஸ்பிரிங் இல்லாம, உள்ளே முறுக்கிக்கிட்டு எடை தாங்கறது) மாதிரி தெரியுது. பட்டை ஸ்பிரிங்கா இருந்தா நடுவுல இருக்கற ஈக்வலைசர் ரெண்டு ஆக்சிலுக்கும் எடையைப் பிரிச்சுக் கொடுக்கும். டார்ஷன்ல அது கிடையாது. மூக்கு மேலே போனா பின் ஆக்சில்தான் சுமக்கும். குதிரையும் வழி முழுக்கச் சரிவுல நின்னு காலை ஊன்றிக்கிட்டே வரணும்.

கேட்டவர்:
ஆமாங்க, டார்ஷன்தான். டிரெய்லரையே உயர்த்திட்டா?

பதில் 2:
ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஸ்பேசர் வெச்சு உயர்த்தலாம். ஆனா குதிரை ஏறி இறங்கற படியும் உயரும். பால் மவுண்ட்ல (பிக்கப் பின்னால அந்த உருண்டையைத் தாங்கற தண்டு) முடியற வேலைக்கு அது எதுக்கு?

முதல்ல அளங்க. சமதரை, டிரெய்லர் காலி, கழட்டி ஜாக்கில நிக்கட்டும். டிரெய்லரோட உள்தளத்துல ரசமட்டம் வெச்சு நேராக்கிட்டு, தரையிலிருந்து கப்ளர் (டிரெய்லர் முன்னாடி பால் மேல உட்கார்ற மூடி) குழியோட உள் மேல்பக்கம் வரை ஒரு அளவு. பிக்கப்ல பால் உச்சி வரை இன்னொரு அளவு. அப்புறம் மாட்டறதுக்கு முன்னாடியே ரிசீவர் (பால் மவுண்டைச் செருகற பிக்கப் குழாய்) அடிப்பக்கம் தரையிலிருந்து எவ்வளவுன்னு பாருங்க, மாட்டி, குதிரை ஏத்தினதும் திரும்பப் பாருங்க. டிரெய்லர் சட்டத்துக்கும் அப்படியே. மாட்டாத டிரெய்லர்ல மட்டும் குதிரையை ஏத்திடாதீங்க, பின்பாரத்துல முன்பக்கம் அப்படியே எழும்பிடும்.

கேட்டவர்:
பால் உச்சி 25.5 அங்குலம், கப்ளர் 20.5. மாட்டி, குதிரையும் ஏத்தினா மொத்தத்துல பிக்கப் 1.5 இறங்குது, டிரெய்லர் அரை அங்குலம் அமருது. இப்போ இருக்கற பால் மவுண்ட் நேரானது, இறக்கமே இல்லை.

பதில் 2:
5 வித்தியாசம். பிக்கப் இறங்கற 1.5 கழிச்சு, டிரெய்லர் அமர்ற 0.5 கூட்டினா 4. நாலு அங்குல டிராப் உள்ள பால் மவுண்ட் வாங்குங்க. உயரம் மாத்தற மாதிரி கிடைச்சா இன்னும் நல்லது, வேற டிரெய்லருக்கும் ஆகும். அதுல அடிச்சிருக்கற தாங்குதிறனை டிரெய்லரோட ஏத்தின எடைக்கு ஒப்பிட்டுப் பாருங்க. பால் அளவு கப்ளர்லயே போட்டிருக்கும்: 2 அங்குல கப்ளருக்கு 2, 2 5/16-க்கு 2 5/16. மாத்தினதும் சங்கிலியும் ஒயரும் தரையில உரசாம இருக்கான்னு ஒரு பார்வை.

கேட்டவர்:
4 அங்குலம் போட்டாச்சு. ரசமட்டம் சொல்றபடி நேரா நிக்குது, நாலு டயரும் ஒரே சூடு. ஆட்டம் குறைஞ்சிருக்கு, ஆனா முழுசாப் போகலை.

பதில் 1:
அப்போ அது உயரத்தோட பிரச்சினை இல்லை, எடை. பின்கோடியில சேணம், தீவனம் அடுக்கியிருந்தா முன்னாடி கொண்டு வாங்க. எடைமேடையில பிக்கப்பைத் தனியா ஒரு தடவை நிறுத்துங்க. அப்புறம் ஏத்தின டிரெய்லரை மாட்டி, பிக்கப் மட்டும் மேடையில நிக்கற மாதிரி இன்னொரு தடவை. கூடுற எடைதான் பால் மேல விழறது. ஏத்தின டிரெய்லர் எடையில 10 முதல் 15 சதவீதம் இருக்கணும். டயர் காத்தையும் சூடாகறதுக்கு முன்னாடியே பாருங்க. எடை என்ன வந்துச்சுன்னு இங்கே போடுங்க.