மறு: லேட்டன்சிக்கு என்ன சொல்லலாம்? சுணக்கம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கணினி வழியாகக் கிதார் வாசிக்கும்போது, மீட்டியதற்கும் அது காதில் கேட்பதற்கும் நடுவே விழும் நேர இடைவெளிதான் லேட்டன்சி (latency). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

> தாமதம் என்ற சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

கிதார் வாசிப்பவர்களுக்குத் தாமதம் போதாது. டிலே (delay), அதாவது தாமதம், என்பது அவர்கள் வேண்டுமென்றே போட்டுக்கொள்ளும் ஒலி விளைவு. மீட்டிய சுரம் 300, 400 மில்லிநொடி கழித்துத் திரும்பக் கேட்கும்; அதற்கென்று தனிப் பெடலே உண்டு. லேட்டன்சியோ யாரும் கேட்காமல் வந்து சேருவது. வீட்டுக் கணினியில் பதிவு செய்யும்போது இரண்டும் ஒரே திரையில் இருக்கும். "தாமதத்தைக் குறையுங்கள்" என்று எழுதினால், புதிதாகத் தொடங்குபவர் டிலே குமிழைத்தான் திருகுவார்.

> உள்ளுறை வெப்பம் போல, உள்ளுறைவு?

வெப்பத்துக்கு (latent heat) அது அருமையான சொல், அங்கே வெப்பம் உள்ளே ஒளிந்து கிடக்கிறது. இங்கே ஒளிந்திருப்பது எதுவுமில்லை, நேரம்தான் போகிறது.

என் பரிந்துரை சுணக்கம். ஏன் என்று சொல்ல, கணினிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிதாரிலிருந்து வரும் மின் அலை, கிதாரைக் கணினியோடு இணைக்கும் கருவியான ஆடியோ இன்டர்ஃபேஸில் எண்களாக மாறுகிறது. இந்த எண்களுக்கு மாதிரிகள் (samples) என்று பெயர். கணினி அவற்றை ஒவ்வொன்றாக வாங்காது. ஒரு கட்டு சேரும்வரை இடையகத்தில் (buffer) வைத்திருந்து, அப்புறம்தான் ஆம்ப்ளிஃபயரின் ஒலியைப் போலச் செய்யும் மென்பொருளான ஆம்ப் சிமுலேட்டரிடம் கொடுக்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள், கட்டுக்கு 256 மாதிரிகள் என்றால் கட்டு நிரம்ப 5.3 மில்லிநொடி. வெளியே வரும் வழியிலும் அதே அளவு. அலையை எண்ணாகவும் எண்ணை அலையாகவும் மாற்றும் மாற்றிகளும், கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரும் எடுக்கும் நேரத்தைக் கூட்டினால் 10 மில்லிநொடியைத் தாண்டிவிடும். கட்டை 1024 ஆக வைத்தால் ஒரு வழிக்கே 21 மில்லிநொடி.

அப்போது என்ன ஆகிறது? மீட்டும் பிக் (சிறு தகடு) கம்பியில் படும் 'டிக்' சத்தம் காற்று வழியே முதலில் காதுக்கு வந்துவிடும். ஹெட்ஃபோனில் ஆம்ப் ஒலி அதற்குப் பின்னால் வரும். விரல் அந்த ஒலிக்காகக் காத்திருக்கத் தொடங்கும், தாளம் இழுத்துக்கொண்டே போகும். சரி, கட்டை 32க்குக் குறைக்கலாமே என்றால், பல கணினிகள் ஈடுகொடுக்க முடியாமல் திணறி ஒலி படபடவென்று வெடிக்கும். அதனால்தான் வாசித்துப் பதியும்போது 64 அல்லது 128, பிறகு பதிந்த தடங்களைக் கலக்கும் மிக்ஸிங்கில் 1024 என்று மாற்றிக்கொள்கிறார்கள். விண்டோஸில் இன்டர்ஃபேஸுக்கு உரிய அசியோ (ASIO) வகை டிரைவரை நிறுவாமல் இந்த எண்களை மட்டும் மாற்றிப் பெரிய பயன் இருக்காது. தொடங்குபவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

வேலை நிற்கவில்லை, நடக்கிறது, ஆனால் இழுக்கிறது. இந்த நிலையைத்தான் நம் நாளிதழ்கள் "பணிகளில் சுணக்கம்" என்கின்றன. இலங்கைத் தமிழில் "சுணங்காமல் வாங்கோ" என்பது அன்றாடப் பேச்சு. கடல் தாண்டியும் புரியும் சொல் கையில் இருக்கும்போது அதை விட எனக்கு மனமில்லை.

> சங்கப் பாடல்களில் சுணங்கு என்றால் மேனியில் படரும் தேமல் அல்லவா?

ஆம். ஆனால் அது பெயர்ச்சொல் சுணங்கு. நாம் எடுப்பது சுணங்குதல் என்ற வினையிலிருந்து வரும் சுணக்கம். ஒலிப்பதிவு பற்றிய பேச்சில் இரண்டும் குழம்ப வாய்ப்பே இல்லை.

வினை இருப்பது இன்னொரு வசதி. "ஒலி சுணங்குகிறது" என்று நேராகச் சொல்லிவிடலாம். உள்ளீட்டுச் சுணக்கம், வெளியீட்டுச் சுணக்கம் என்று கிளைகளும் எளிதாக வருகின்றன. பதிந்த தடத்தை மென்பொருள் தானே முன்னால் நகர்த்திச் சரிசெய்வதைச் சுணக்க ஈடு எனலாம். "காற்றிலும் சுணக்கம் உண்டா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 9 மில்லிநொடி. மேடையில் வாசிப்பவர்கள் அதற்குப் பழகியவர்கள்தான்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. கிதாரில் புறப்பட்ட ஒலி கணினிக்குள் போய்க் காதுக்குத் திரும்பும் மொத்த நேரத்துக்குச் சுற்றுச் சுணக்கம் என்று முதலில் எழுதியிருந்தேன். மின்சுற்றோடு தொடர்புள்ளது என்று படிப்பவர்கள் நினைத்துவிடலாம். போய்வரு சுணக்கம் என்பது என் இப்போதைய தேர்வு. முழுச் சுணக்கம் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த இரண்டில் எது வேண்டும் என்று சொல்லுங்கள். முடிவானதும் இணைய அகராதியான விக்சனரியின் பக்கத்துக்கான வரைவை எழுதிவிடுகிறேன்.